பேச்சு முடிந்தது என்று யார் சொல்வது?

என் தாய்மாமாவுக்குப் பாம்பன். தென்கடலில் நாட்டுப்படகு வைத்துத் தொழில் செய்கிறார். சிறு வயதிலிருந்தே திக்கிப் பேசுவார். போன மாதம் படகு இன்ஜினுக்கு ஒரு சாமான் வேண்டியிருந்தது. போனில் எழுத்துக் கூட்டித் தட்டுவது அவருக்குப் பெரிய சள்ளை. அதனால் மைக் படத்தை அழுத்தி, 'தங்கச்சிமடத்துல போட் இன்ஜின் சாமான் கடை' என்று கேட்கப் பார்த்தார். முதல் எழுத்திலேயே நாக்கு மேல்பல்லில் ஒட்டிக்கொண்டது. 'த... த...' என்று இரண்டு தடவை வந்தது. போன் 'டிங்' என்று மூடிக்கொண்டு 'தாத்தா' என்று எழுதியது. மறுபடி அழுத்தினார். இந்த முறை 'தங்க' வரைக்கும் சுத்தமாக வந்து, அடுத்த எழுத்தில் அடைத்தது. கழுத்து நரம்பு புடைத்தது, கண் மூடியது, சத்தமே இல்லை. அவர் கண்ணைத் திறப்பதற்குள் போன் தேடி முடித்து, இன்றைய தங்கம் விலையைக் காட்டிக்கொண்டிருந்தது.

"நா... நான் எ... எஞ்சினக் கேட்டா இது ப... பவுனு வெலயக் காட்டுது மாப்ள" என்று சிரித்தார்.

அப்புறம் வாட்ஸ்அப்பைத் திறந்தார். படகுக்காரர்கள் குரூப்பில் மைக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு அதையே சொன்னார். 1 நிமிடம் 12 விநாடி. அரை மணி நேரத்தில் யாரோ கடை நம்பரை அனுப்பிவிட்டார்கள்.

அதே வாய், அதே ஊர்ப்பெயர், அதே போன். ஒன்று கைவிட்டது, இன்னொன்று வேலை செய்தது. வாட்ஸ்அப்பில் கேட்டது மனிதக் காது என்பது ஒரு காரணம். அதற்கும் முந்திய காரணம் ஒன்று உண்டு. வாட்ஸ்அப்பில் பேச்சு முடிந்ததா இல்லையா என்பதை மாமாவின் விரல் முடிவு செய்கிறது. தேடலில் அதை இயந்திரம் முடிவு செய்கிறது. திக்கிப் பேசுபவர்களுக்கும் குரலறியும் தொழில்நுட்பத்துக்கும் இடையே உள்ள தகராறில் பெரும்பகுதி இந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது.

திக்கல் என்று பொதுவாகச் சொன்னாலும் அது ஒரே மாதிரி வருவதில்லை. 'ப-ப-பாம்பன்' என்று ஒலி திரும்பத் திரும்ப வரும். 'ஸ்ஸ்ஸ்சரி' என்று இழுபடும். இல்லையென்றால் வாய் தயாராக நிற்கும், காற்றும் குரலும் வராது, அதுதான் அடைப்பு. வெளியில் இருப்பவருக்கு அடைப்பு மௌனமாகத் தெரியும். உள்ளே இருப்பவருக்கு அந்த நேரத்தில்தான் உடம்பு முழுக்க வேலை. உலகில் பெரியவர்களில் நூற்றுக்கு ஒருவர் திக்கிப் பேசுகிறார் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கு. குழந்தைகளில் நூற்றுக்கு ஐந்து பேர் வரை ஏதாவது ஒரு கட்டத்தில் திக்குகிறார்கள். பெரும்பாலானோருக்கு அது தானாகவே விலகிவிடுகிறது. 2011 கணக்கெடுப்பின்படி ராமநாதபுரம் மாவட்டத்தில் சுமார் 13.5 லட்சம் பேர். சிறுவர்களைக் கழித்துவிட்டுப் பெருக்கினாலும் பத்தாயிரம் பேரை ஒட்டி வரும். தொண்டியிலிருந்து வாலிநோக்கம் தாண்டி ரோச்மா நகர் வரை எந்தக் கடற்கரை ஊரில் கேட்டாலும் 'எங்க தெருவுல ஒருத்தர் இருக்கார்' என்பார்கள்.

பயத்தால் வருவது, அறிவுக் குறைவு, நாக்கு தடித்திருக்கிறது என்பதெல்லாம் பழைய கதை. பேச்சின் நேரக்கணக்கை மூளை ஒழுங்குபடுத்தும் விதத்தில் உள்ள வேறுபாடு இது; பரம்பரைக்கும் பங்குண்டு. பாகிஸ்தானியக் குடும்பங்களை வைத்து நடந்த ஆய்வு ஒன்று 2010-ல் திக்கலோடு தொடர்புள்ள மரபணுக்களை அடையாளம் காட்டியது. மாமாவுக்குச் சின்ன வயதில் நாக்கில் வசம்பு தேய்த்திருக்கிறார்கள், வாயில் கூழாங்கல்லைப் போட்டுப் பேசவிட்டிருக்கிறார்கள். கல்லோடும் திக்கினாராம். கேரளத்தின் முதல் முதல்வர் ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாடும் திக்குபவர்தான். 'எப்போதும் திக்குவீர்களா?' என்று கேட்டவரிடம் 'இல்லை, பேசும்போது மட்டும்தான்' என்றார் என்று அவரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள்.

இதே மாமா கரைவலை இழுக்கும்போது அம்பா என்ற தொழிற்பாட்டைப் பாடினால் ஒரு எழுத்து பிசகாது. முன்பாட்டு எடுத்துக் கொடுப்பவரே அவர்தான். இதில் அதிசயம் எதுவுமில்லை. பாடும்போதும், பலர் சேர்ந்து ஒரே குரலில் சொல்லும்போதும் திக்கல் வெகுவாகக் குறைவது எல்லா நாட்டிலும் காணப்பட்டதுதான். வெளியிலிருந்து தாளம் வரும்போது மூளைக்கு நேரக்கணக்கு இரவலாகக் கிடைக்கிறது. நேர நெருக்கடி இருக்கும்போது நிலைமை தலைகீழ். கடையில் பின்னால் ஆள் நிற்கிறது, போனில் அந்தப் பக்கம் 'ஹலோ, ஹலோ' என்கிறார்கள் என்றால் திக்கல் கூடும். 'டிங்' என்று தொடங்கி ஒரு விநாடியில் மூடிக்கொள்ளும் மைக் அந்த 'ஹலோ, ஹலோ'வின் இன்னொரு வடிவம்தான்.

இயந்திரம் எப்படிக் கேட்கிறது என்று பார்த்தால் கோளாறு எங்கே என்பது தெரியும். மைக்கில் வரும் ஒலியை விநாடியில் நூறில் ஒரு பங்கு அளவில் நறுக்கி, ஒவ்வொரு நறுக்கும் எந்த ஒலியாக இருக்கலாம் என்று மதிப்பிடுகிறது. பிறகு அந்த ஒலிகள் சேர்ந்து எந்தச் சொல்லாகும், அந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்று யூகிக்கிறது. 'தங்க'வுக்குப் பின் 'விலை' வருவதைக் கோடிக்கணக்கான தடவை பார்த்திருக்கும். 'தங்கச்சிமடம்' அதற்கு அபூர்வம். இதற்கெல்லாம் பக்கத்தில் தனியாக ஒரு காவல்காரன் உட்கார்ந்திருக்கிறான். பேச்சு நின்றுவிட்டதா என்று பார்ப்பது மட்டுமே அவன் வேலை. குறிப்பிட்ட நேரம் அமைதி இருந்தால் கேட்டை இறக்கிவிடுவான். அந்த நேரம் பல கருவிகளில் ஒரு விநாடிக்கும் குறைவு. சரளமாகப் பேசுபவருக்குப் பதில் சட்டென்று வர வேண்டும் என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள்.

பாம்பன் பழைய ரயில் பாலத்தைத் திறந்து மூடுவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். தூக்குப்பாலம் மேலே போனதும் படகுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். இரண்டு படகுக்கு நடுவே இடைவெளி இருக்கும். முதல் படகு தாண்டியதும் பாலத்தை இறக்கினால் என்ன ஆகும்? பின்னால் எத்தனை வருகிறது என்று பார்த்துத்தான் இறக்குவார்கள். நம் போனில் இருக்கும் காவல்காரனுக்குப் பின்னால் பார்க்கும் பழக்கம் கிடையாது.

சரி, பிழையை எப்படி எண்ணுகிறார்கள்? 'சொற்பிழை விகிதம்' என்று ஒரு அளவுகோல். சொல்ல நினைத்தது 'நாளைக்கு பாம்பன்ல காத்து எப்படி'. நான்கு சொல். 'நா நா நாளைக்கு' என்றதும் அடைத்து, இயந்திரம் அதோடு மூடிக்கொண்டது என்று வைத்துக்கொள்வோம். கூடுதலாக வந்த 'நா' இரண்டு, விடுபட்ட சொல் மூன்று. தனித்தனியாக எண்ணினால் ஐந்து. ஆனால் எத்தனை குறைந்த திருத்தத்தில் சரியாகும் என்றுதான் இந்த அளவுகோல் பார்க்கும்; கூடுதல் 'நா' ஒவ்வொன்றையும் ஒரு சொல்லுக்குப் பதில் வந்த தவறான சொல்லாக எடுத்துக்கொண்டால் நான்கு பிழைதான். நான்கு சொல்லில் நான்கு பிழை, அதாவது 100 சதவீதம்! கணக்கு தப்பில்லை, அளவுகோல் அப்படி. ஆனால் இந்த இரண்டு வகைப் பிழையும் ஒன்றல்ல. கூடுதல் 'நா'வைப் படிப்பவர் தாண்டிப் போய்விடுவார். விடுபட்ட 'காத்து' இல்லாமல் கேள்வியே இல்லை.

ஆப்பிள் நிறுவன ஆய்வாளர்கள் 2023-ல் வெளியிட்ட ஆய்வு இந்த இடத்தைச் சரியாகத் தொட்டது. முதலில் திக்கிப் பேசும் 61 பேரிடம் கேட்டார்கள். குரலால் இயங்கும் கருவிகளைப் பயன்படுத்தத் தங்களுக்கு விருப்பம்தான், ஆனால் பாதியில் வெட்டப்படுகிறோம், தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறோம் என்றார்கள். பிறகு 91 பேரின் குரலைப் பதிந்து சோதித்தார்கள். காத்திருக்கும் நேரத்தை மாற்றி, யூகிக்கும் பகுதியைச் சரிசெய்து, திரும்ப வரும் ஒலிகளை எழுத்தில் களைந்து பார்த்ததில், பாதியில் வெட்டுவது 79.1 சதவீதம் குறைந்தது. சொற்பிழை விகிதம் 25.4-லிருந்து 9.9-க்கு இறங்கியது. புதிதாக இமயமலை எதையும் புரட்டவில்லை, இருந்ததைத் திருகிச் சரிசெய்ததில் வந்த பலன் இது. பல வருடம் இதை யாரும் செய்யாமல் விட்டதுதான் எனக்கு எரிச்சல். 2022-ல் வந்த ஐஓஎஸ் 16 என்ற ஐபோன் இயங்குதளத்திலேயே, அதன் குரல் உதவியாளரான 'சிரி' (Siri) எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதைக் கூட்டிவைக்கும் அமைப்பு சேர்க்கப்பட்டுவிட்டது. ஆனால் பாம்பன் கரையில் ஐபோன் வைத்திருப்பவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

அதிலும் ஆங்கிலத்துக்குச் செய்ததைத் தமிழுக்கு அப்படியே பெயர்த்து வைக்க முடியாது.

ஒரே சொல் இரண்டு முறை வந்தால் ஒன்றை அழித்துவிடு என்று ஒரு விதி போட்டால் ஆங்கிலத்தில் பெரும்பாலும் காரியம் நடக்கும். தமிழில் இரட்டிப்பது இலக்கணம். 'சின்னச் சின்ன நண்டு', 'பாத்துப் பாத்து ஓட்டு', 'இழுத்து இழுத்து கை போச்சு'. தூரத்தில் படகு தெரிந்தால் கரையில் நிற்பவர்கள் 'வருது வருது' என்றுதான் கத்துவார்கள். 'சலசல', 'கடகட' போன்ற இரட்டைக்கிளவியில் பாதியை அழித்தால் மிச்சம் இருப்பது சொல்லே இல்லை. ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். திக்கலைச் சுத்தம் செய்கிறேன் என்று இறங்கும் இயந்திரம் சரளமாகப் பேசுபவரின் தமிழையும் சேர்த்துக் கெடுத்துவிடும். நம் காது இரண்டையும் குழப்பிக்கொள்வதில்லை. 'பாத்துப் பாத்து' என்பதில் நடுவில் ஒரு ப் வந்து இரண்டையும் கோக்கிறது. தாளம் சீராக இருக்கிறது. திக்கலில் அந்தக் கோப்பு இல்லை, பெரும்பாலும் முழுச் சொல்லும் வருவதில்லை, ஒலி இறுகியிருக்கும். இந்த வித்தியாசத்தைத் தமிழ்க் குரல்களை வைத்துத்தான் இயந்திரத்துக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

இழுப்பும் அப்படித்தான். குறிலும் நெடிலும் பொருளை மாற்றும் மொழி இது. 'வலை' என்பதில் முதல் உயிர் இழுபட்டு 'வாஆலை' என்று வந்தால், லகர ளகரத்தை அவ்வளவாகப் பிரிக்காத எங்கள் பக்கத்து வாயில் அது 'வாளை' ஆகிவிடும். வாளை ஒரு மீன். வலை கிழிந்துவிட்டது என்று ஒருவர் சொன்னால் மீன் கிழிந்ததாக இயந்திரம் எழுதும். 'ம்ம்ம்மண்டபம்' என்று தொடங்குபவரிடம் இன்னொரு சிக்கல். 'ம்' என்றால் நமக்கு ஆமாம். 'சரியா?' என்று ஒரு தானியங்கிக் குரல் கேட்டுக் காத்திருக்கும் நேரத்தில் ஒருவர் மண்டபம் என்று சொல்ல வாயெடுத்தாலே ஒப்புக்கொண்டதாகிவிடலாம். 'வந்து' கதை தனி. 'அது வந்து... வந்து...' என்று திக்குபவரும் திக்காதவரும் ஊன்றுகோலாகப் பிடிக்கும் சொல், வினையாகவும் வரும். 'நான் வந்து கரைக்கு வந்து சொல்றேன்' என்பதில் எந்த 'வந்து'வை அழிப்பது?

திக்கிப் பேசுபவர்கள் கையாளும் ஒரு உபாயம் உண்டு. அடைக்கும் என்று தெரிந்த சொல்லைச் சுற்றிக்கொண்டு போவார்கள். மாமா நேரில் பேசும்போது தங்கச்சிமடத்தை 'பாம்பனுக்குக் கிழக்க இருக்குற ஊரு' என்பார். மனிதருக்கு அது போதும். தேடுபொறிக்குப் பெயர் வேண்டும். ஊர்ப்பெயர், ஆள்பெயர், தன் சொந்தப் பெயர், இவற்றுக்கு மாற்றுச்சொல் கிடையாது. திக்குபவர்களில் பலருக்கு மிகவும் கஷ்டமானதே தன் பெயரைச் சொல்வதுதான். இயந்திரம் முதலில் கேட்பதும் அதைத்தான். எனக்குத் தெரிந்த ஒருவர் ஒரு வாடிக்கையாளர் சேவை எண்ணில் தன் பெயரைச் சொல்ல மூன்று முறை முயன்றார். மூன்றாவது முறை 'உங்கள் பதில் கிடைக்கவில்லை, நன்றி' என்று இணைப்பே துண்டிக்கப்பட்டது. நன்றி வேறு!

இயந்திரத்துக்குப் பாடம் சொல்லும் ஒலி எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் வாசித்த பேச்சு, செய்தி, இணையத்தில் கிடக்கும் வீடியோ. 2022-ல் வந்த விஸ்பர் என்ற குரலறியும் மென்பொருள் 6,80,000 மணி நேர ஒலியில் பயின்றது. வீடியோவுக்கு எழுத்து போடுபவர் திக்கலை எழுதமாட்டார். வானொலியில் பேட்டியை வெட்டி ஒட்டும்போது முதலில் தரையில் விழுவது திக்கலும் 'வந்து'வும்தான். ஆக, இயந்திரம் படித்த உலகத்தில் திக்குபவர்கள் ஏறக்குறைய இல்லை. இல்லாததைக் கேட்க நேரும்போது அது கற்பனையில் இறங்குகிறது. விஸ்பரை வைத்து 2024-ல் வெளியான ஆய்வில், ஏறக்குறைய ஒரு சதவீத ஒலித்துண்டுகளில் யாருமே சொல்லாத வாக்கியங்களை அது எழுதியிருந்தது. மூளைப் பாதிப்பால் பேச்சு தடைப்பட்டவர்களின் குரலில், நீண்ட மௌனங்கள் இருந்ததால், இது இன்னும் அதிகம். ஒரு விநாடியில் வெட்டுவது ஒரு கோளாறு என்றால், மௌனத்தைத் தன் சொந்தச் சரக்கால் நிரப்புவது அதைவிட மோசம். வெட்டினால் மறுபடி சொல்லலாம். நாம் சொல்லாததை எழுதினால் அதற்கு யார் பொறுப்பு?

திக்கல் ஒலிகளைத் தனியாகத் திரட்டும் முயற்சிகளும் நடந்திருக்கின்றன. 2021-ல் ஆப்பிள் வெளியிட்ட தொகுப்பில், திக்கிப் பேசுபவர்கள் நடத்தும் பாட்காஸ்டுகளிலிருந்து எடுத்த சுமார் 28,000 துண்டுகள் இருந்தன, எல்லாம் ஆங்கிலம். எனக்குப் பிடித்தது 2024-ல் வந்த சீன மொழித் தொகுப்பு. எழுபது பேர், ஐம்பது மணி நேரத்தை ஒட்டிய பேச்சு. திக்கிப் பேசுபவர்களின் சமூகமே முன்நின்று பதிந்தது. திக்கலை அழிக்காமல், எங்கே திரும்ப வந்தது, எங்கே இழுபட்டது, எங்கே அடைத்தது என்று குறித்து எழுதினார்கள். இயந்திரம் சுத்தமாக எழுதிக் கொடுப்பதை எல்லோரும் எல்லா நேரத்திலும் விரும்புவதில்லை. கடைக்குச் செய்தி அனுப்பும்போது சுத்தமாக வேண்டும். ஸ்பீச் தெரபிஸ்டிடம் காட்டும்போது வந்தது வந்தபடி வேண்டும். அதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பேசுபவருக்கு இருக்க வேண்டும் என்பதே என் கட்சி.

தமிழுக்கும் குரல் திரட்டும் வேலை நடக்கிறது. ஐஐடி மெட்ராஸில் உள்ள ஏஐ4பாரத் குழு 22 இந்திய மொழிகளில் இயல்பான பேச்சைத் திரட்டுகிறது. மத்திய அரசின் மொழித் தொழில்நுட்பத் திட்டமான பாஷினி 2022-ல் தொடங்கப்பட்டது. அவற்றில் எங்கள் கரையின் பேச்சும், அதற்குள் திக்கிப் பேசுபவரின் பேச்சும் போய்ச் சேர வேண்டும். இரண்டும் சேர்ந்தால் சிக்கல் இரட்டிப்பு. கடலுக்குப் போகிறவர் காற்றைப் பெயர் சொல்லித்தான் கேட்பார்: வாடை, கொண்டல், சோழகம், கச்சான். அக்கரையில், இலங்கைத் தமிழில், கச்சான் என்றால் வேர்க்கடலையும்தான். கச்சான் என்ற மேல்காற்றைப் பற்றிக் கேட்பவருக்கு வறுகடலை விவரம் வந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

கடலில் இது சிரிப்பு விஷயமில்லை. மீனவர்களுக்கான செயலிகள் தமிழில் வந்துவிட்டன. அலை உயரம், காற்று வேகம் எல்லாம் கையில் கிடைக்கிறது. ஈரக்கையோடு, ஆடும் படகில், திரையைத் தடவுவதைவிடக் கேட்டுத் தெரிந்துகொள்வது எளிது என்பதால் குரல் வசதி இங்கே ஆடம்பரம் இல்லை. ஆனால் பழைய கருவிகளைப் பாருங்கள். படகிலுள்ள விஎச்எஃப் வாக்கிடாக்கியில் பட்டனை அழுத்திப் பேச வேண்டும்; பட்டனை விடுகிற வரைக்கும் சேனல் பேசுபவருடையது. மாமாவுக்கு அதில் தயக்கம் இல்லை. இஸ்ரோ வடிவமைத்த ஆபத்துக்கால எச்சரிக்கைக் கருவியில் வாயே திறக்க வேண்டாம், பட்டனை அழுத்தினால் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி போய்விடும். 2024-ல் வந்த புதிய வகையில், செய்தி கிடைத்தது என்று பதிலும் வரும். கடலோரக் காவல்படையின் 1554-ஐயும் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093-ஐயும் அழைத்தால் அந்தப் பக்கம் மனிதர் இருக்க வேண்டும். ஒருநாள் அங்கே தானியங்கிக் குரலை வைக்கும் யோசனை வந்தால், ஒரு எண்ணை அழுத்தி ஆளிடம் போகும் வழியைத் திறந்து வைத்துவிட்டுத்தான் அதைச் செய்ய வேண்டும்.

சட்டத்தைக் காட்டிக் கேட்கலாம் என்றால் அங்கேயும் இடறுகிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் பேச்சு மற்றும் மொழிக் குறைபாடும் ஒன்று. ஆனால் குரல்வளை அகற்றம், மூளைப் பாதிப்பால் பேச்சிழப்பு போன்றவற்றால் வரும் நிரந்தரக் குறைபாடு என்று அதற்கு வரையறை. சிறு வயதிலிருந்து திக்கும் ஒருவர் அதற்குள் தன்னைப் பொருத்திக் காட்டுவது லேசில்லை.

இதையெல்லாம் எழுதத் தொடங்கும்போது மாமாவின் குரலைப் பதிந்து வைக்க நினைத்தேன். "வே... வேணா அம்பா பா... பாடுறேன், ப... பதிஞ்சுக்க" என்றார். பாட்டு வேண்டாம் மாமா, நாலு காற்றின் பெயரைச் சொல்லுங்கள் போதும் என்றேன். கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போனை வாங்கி, தானே பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டார். வாடை உடனே வந்தது. கொண்டலில் 'கொ' ஐந்து தடவை. சோழகம் இழுபட்டது. கச்சானில் முழு அடைப்பு. அலைச் சத்தமும் பக்கத்தில் நின்ற வல்லம் படகில் யாரோ சுத்தியலால் தட்டும் சத்தமும் மட்டும் கேட்டன. 41 விநாடி. விரலை எடுத்துவிட்டு, "ச... சரியா வந்திருக்கா?" என்று கேட்டார். போட்டுக் காட்டினேன். நாலும் இருந்தது.